மூன்று கொட்டேஷனும் ஒரு கம்பியும்

"கம்பியைத் தூக்குங்க சார்" என்று ஜிம் மாஸ்டர் மறுபடியும் சொன்னார்.

பர்ச்சேஸ்காரர் தூக்கவில்லை. கம்பியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து அதன் முனையில் பொறித்திருந்த கம்பெனிப் பெயரைப் படித்தார். நகத்தால் தட்டி, ஓசையைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு நிமிர்ந்து, கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு கொட்டேஷன் வரணும் மாஸ்டர். அதுக்கப்புறம்தான் தூக்க முடியும்."

மாஸ்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவருடைய ஜிம்முக்கு வருகிறவர்கள் வருவார்கள், தூக்குவார்கள், கண்ணாடியில் தங்களைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், போய்விடுவார்கள். கொட்டேஷன் கேட்டு யாரும் வந்ததில்லை.

ஆனால் பர்ச்சேஸ்காரரைக் குறை சொல்லக் கூடாது. பித்தளைக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் கொள்முதல் அதிகாரி அவர். மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு, கையெழுத்துப் போடாமல் அங்கே ஒரு குண்டூசிகூட உள்ளே வந்துவிட முடியாது. இருபது வருடமாக இதையே செய்ததில் அது அவருடைய ரத்தத்தோடு கலந்துவிட்டது. மகளுக்குப் பள்ளிக்கூடப் பை வாங்க அவர் விசாரித்து முடித்தபோது அவள் அடுத்த வகுப்புக்குப் போயிருந்தாள். ஆனால் நல்ல பை. அதை அவர் இன்றைக்கும் சொல்வார்.

ஜிம் பக்கமே தலை வைத்துப் படுக்காத மனிதர் திடீரென்று கம்பியின் முன்னால் வந்து நிற்கக் காரணம், ஒரு மஞ்சள் கோட்டு.

கம்பெனியில் வருடத்துக்கு இரண்டு தடவை தீ விபத்து ஒத்திகை நடக்கும். மணி அடித்ததும் எல்லாரும் மாடியைவிட்டு இறங்கி வாசலில் வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பாதுகாப்புப் பொறுப்பாளர் உண்டு. அவருக்குக் கையில்லாத மஞ்சள் கோட்டு ஒன்றும், விசில் ஒன்றும், பேட்டரி போட்ட ஒலிபெருக்கி ஒன்றும் கொடுப்பார்கள். மூன்றாம் மாடிக்கு யாரும் முன்வராத காலத்தில் பர்ச்சேஸ்காரர் அதை ஏற்றுக்கொண்டார். முதல் ஒத்திகையிலேயே அவருக்கு ஒன்று தெரிந்துபோயிற்று. அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு, மேனேஜரைப் பார்த்து, "பேசாம லைன்ல நில்லுங்க" என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம். மேனேஜரும் நிற்பார்.

இரண்டு தடவை பதவி உயர்வு அவரைத் தாண்டி வேறு ஆட்களுக்குப் போயிருக்கிறது. அவர் அதை வெளியே காட்டிக்கொண்டதில்லை. ஆனால் அந்த அலுவலகத்தில் அவர் சொன்னதை எல்லாரும் கேட்டது அந்த மஞ்சள் கோட்டில் இருந்தபோது மட்டும்தான். அது போய்விட்டால் தனக்கென்று அங்கே எதுவும் மிச்சமில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி சின்ன வயதுப் பெண். சிரித்த முகம், ஆனால் விதியென்றால் விதி. மயக்கம் போட்டு விழுந்த ஒருவரைத் தனியாளாக இழுத்துக்கொண்டு படி இறங்கத் தெரிந்தவர்தான் இனிமேல் பொறுப்பாளர் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டாள். மூன்று மாதத்தில் பரீட்சை. ஆளுக்குப் பதில் மணல் அடைத்த ஒரு பொம்மை. அக்குளுக்கு அடியில் கை கொடுத்து, தாழ்வாரக் கோடியிலிருந்து பின்னால் நடந்தபடியே இழுத்து வந்து, மாடிப்படியின் முதல் திருப்பம்வரை இறக்க வேண்டும். மூன்றாம் மாடிக்கான பொம்மை எழுபத்தெட்டு கிலோ.

இதுகூடப் பரவாயில்லை. அந்தப் பொறுப்புக்கு ஸ்டோர்ஸ்காரரும் பெயர் கொடுத்திருந்தார். ஸ்டோர்ஸ்காரர் ஒல்லிக்குச்சி. மின்விசிறியை வேகமாக வைத்தால் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிற ஆள். அதிர்ந்து பேசமாட்டார். பர்ச்சேஸ்காரர் வாங்கிப்போடும் சாமானை எண்ணி அடுக்கி வைப்பதுதான் அவர் வேலை.

"அவரா? அவரை யாராவது தூக்காம இருந்தா சரி" என்று பர்ச்சேஸ்காரர் சிரித்தார். ஆனால் அன்றைக்கே ஜிம் எங்கே இருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

மாஸ்டர் கொடுத்த திட்டம் அரைத் தாளில் முடிந்துபோனது. வாரம் மூன்று நாள் வர வேண்டும். கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழ வேண்டும், படுத்துத் தள்ள வேண்டும், தரையிலிருந்து தூக்க வேண்டும். வெறும் கம்பியில் ஆரம்பித்து ஒவ்வொரு தடவையும் துளித்துளி எடை கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

பர்ச்சேஸ்காரர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"மிச்சம் எங்கே மாஸ்டர்?"

"மிச்சம் நீங்கதான் சார் பண்ணணும்."

இந்த மாதிரி பதிலைச் சொன்ன எந்தச் சப்ளையரும் அவரிடம் ஆர்டர் வாங்கியதில்லை. அரைத் தாளில் கொட்டேஷன் கொடுப்பவன் அரைக் குழாய்தான் கொடுப்பான் என்பது அவருடைய அனுபவம். மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தாளைக் குப்பைக்கூடையில் போடப்போன சமயத்தில், பில்லோடு வந்து நின்ற ஸ்டோர்ஸ்காரர், அது வேண்டாம் என்றால் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பர்ச்சேஸ்காரர் தாராள மனத்தோடு தூக்கிக் கொடுத்தார்.

"வெச்சுக்குங்க. உங்களுக்கு இது போதும்."

இரண்டாவது கொட்டேஷன் மச்சினனிடமிருந்து வந்தது. மனைவியின் தம்பிக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. காதுக்குக் கீழே நேராகத் தோள். அவன் ஆறு நாள் திட்டம் ஒன்றை அனுப்பினான். ஒரு நாள் மார்பு, ஒரு நாள் முதுகு, ஒரு நாள் கால் என்று உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஏழெட்டு விதமான வேலை. மூன்றாவது கொட்டேஷன் கைபேசியில் கிடைத்தது. சட்டை என்ற ஒன்றையே கண்டிராத ஒரு குரு அதில் தோன்றி, முதலில் சாப்பிட்டு உடம்பை ஏற்று, பிறகு செதுக்கு என்று கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜை முழுக்க ஒப்பீட்டு அட்டவணை விரிந்திருந்தது. மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணைச் சோதித்துவிட்டு வந்தவள், தட்டு வைக்க இடமில்லாமல் நின்றாள்.

"ஒப்புதல் கொடுப்பவர்ங்கற இடத்துல ஒரு கையெழுத்துப் போடு" என்றார் அவர்.

"இதுல எது நல்லதுங்க?"

"அதைத்தானே ஒப்பிட்டிருக்கேன். படிச்சுப் பாரு."

"ஏதாவது ஒண்ணை எடுத்துச் செய்யுங்களேன். மூணுலயும் கம்பியைத் தூக்கத்தானே சொல்றாங்க?"

இந்த மனப்பான்மையால்தான் நாட்டில் பல கம்பெனிகள் மூழ்கிப்போகின்றன என்று அவர் விளக்கினார். அவள் அட்டவணையின் மேலேயே தட்டை வைத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

மச்சினனின் திட்டம் தேர்வாயிற்று. பக்கங்கள் அதிகம், படங்கள் அதிகம், அதனால் தரமும் அதிகமாகத்தான் இருக்க வேண்டும். மார்பு நாளும் முதுகு நாளும் ஒருவழியாகக் கழிந்தன. வெறும் கம்பியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று மச்சினனும் எழுதியிருந்ததால் அவர் தட்டு எதையும் மாட்டவில்லை. பிறகு கால் நாள் வந்தது.

கால் நாளுக்கு மறுநாள் காலையில் அவருக்குக் கால் இருந்தது, ஆனால் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வீட்டுப் படியில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, குழந்தை இறங்குவதுபோல இறங்கினார். ஆபீஸ் மாடி ஏறும்போது ஸ்டோர்ஸ்காரர் எதிரே வந்து, எதுவும் கேட்காமல் கையை நீட்டினார். பர்ச்சேஸ்காரர் அந்தக் கையைக் குலுக்கிவிட்டு, குட்மார்னிங் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் அடுத்த சிக்கல் புரிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் வெளியூர் விருந்தாளி ஒருவரோடு உள்ளே வந்தார். அறையில் எல்லாரும் எழுந்து நின்றார்கள். பர்ச்சேஸ்காரர் உட்கார்ந்தபடியே கம்பீரமாகத் தலையசைத்தார். மேனேஜர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பர்ச்சேஸ்காரர் இன்னொரு தடவை தலையசைத்தார். மேனேஜரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உடம்பு சரியில்லையா?" என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"இதைவிட நல்லா இருந்ததே இல்ல சார்" என்றார் பர்ச்சேஸ்காரர், எழுந்திருக்காமல்.

அன்றைக்கே மச்சினனின் ஒப்பந்தம் ரத்தாயிற்று. சரக்கு சரியில்லை என்றால் சப்ளையரை மாற்று; யோசித்துக்கொண்டு நிற்காதே. இதில் பர்ச்சேஸ்காரருக்குத் துளியும் குழப்பம் கிடையாது. அடுத்தவர் குரு.

குருவின் திட்டத்தில் கம்பி கொஞ்சம், சாப்பாடு நிறைய. விடிந்ததும் ஆறு முட்டை. பத்து மணிக்குப் பாலும் வாழைப்பழமும். மத்தியானம் கோழி. நான்கு மணிக்கு வேர்க்கடலை. படுக்கப் போகும்முன் மறுபடி பால். பர்ச்சேஸ்காரருக்கு இந்தத் திட்டத்தில் குறையே தெரியவில்லை. மற்ற திட்டங்களில் செய்யத் தவறியதையெல்லாம் இதில் ஒரு வேளைகூடத் தவறாமல் செய்தார். மேஜை டிராயரில் கோப்புகளை நகர்த்திவிட்டு முட்டைக்கு இடம் ஒதுக்கினார். குருவும் வெறும் கம்பியிலிருந்துதான் தொடங்கச் சொல்லியிருந்தபடியால் ஜிம்மில் அவர் மறுபடியும் வெறும் கம்பியையே தூக்கினார்.

வாரத்துக்கு ஒரு தடவை எடை பார்க்க வேண்டும் என்பதும் குருவின் கட்டளை. கம்பெனியின் முதலுதவி அறையில் நர்ஸ் சிஸ்டரிடம் நல்ல எடை மேடை ஒன்று இருந்தது. அதை வாங்கிக் கொடுத்ததே பர்ச்சேஸ்காரர்தான். மூன்று கொட்டேஷனில் சிறந்தது. திங்கட்கிழமைதோறும் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்று, நெஞ்சை நிமிர்த்துவார். சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டுக் கொஞ்சம் கவலையோடு நிமிர்வாள்.

"கூடியிருக்கு சார்."

"எல்லாம் தசை, சிஸ்டர். கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க. நாளைக்கு ஒருத்தன் கேட்டா ஆதாரம் வேணும்."

"ஏத்தினா அது மேல போகும் சார். பரவாயில்லையா?"

"போகட்டும். மேல இருக்கறவங்களும் பார்க்கட்டும்."

சிஸ்டர் ஏற்றினாள்.

சில வாரத்தில் அறிவிப்புப் பலகையில் ஒரு புதுத் தாள் ஒட்டப்பட்டது. மூன்றாம் மாடிப் பொம்மையின் எடை எண்பத்திரண்டு கிலோவாகத் திருத்தப்படுகிறது. காரணம் எதுவும் இல்லை.

பர்ச்சேஸ்காரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மற்ற மாடிகளின் பொம்மைகள் பழைய எடையிலேயே இருந்தன. மூன்றாம் மாடிக்கு மட்டும் ஏன் கூட வேண்டும்? பொம்மைக்கு மணல் எங்கிருந்து வருகிறது? ஸ்டோர்ஸிலிருந்து. ஸ்டோர்ஸில் யார் இருக்கிறார்? இதற்கு மேல் அவருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. பூனை மாதிரி இருந்துகொண்டு உள்ளுக்குள் என்ன வேலை பார்க்கிறான் என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

"எடை கூடினா அவருக்கும்தானே கஷ்டம்?" என்றாள் மனைவி.

இந்தக் கேள்வி அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்துபோய் இரண்டு முட்டையை அதிகமாக வேகவைத்தார்.

பாதுகாப்பு அதிகாரியிடம் நேராகவே போய்க் கேட்டார். அவள் உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், எல்லாம் தலைமை அலுவலக விதிப்படிதான் நடக்கிறது என்றாள். காரணத்தை மட்டும் சொல்லவில்லை. அது ஒருவருடைய சொந்த விஷயம், வெளியே சொல்ல விதி இடம் கொடுக்காது என்றாள். ஒருவருடைய சொந்த விஷயம் என்றால் அந்த ஒருவர் யாராம் என்று பர்ச்சேஸ்காரர் ஒரு அர்த்தத்தோடு சிரித்தார். அவளும் சங்கடமாகச் சிரித்தாள். அந்தச் சங்கடமே அவருக்குச் சாட்சியாகிவிட்டது.

சூழ்ச்சி என்று தெரிந்தபிறகு சும்மா இருக்க முடியுமா? ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். ஒரே சப்ளையரை நம்பினால் இக்கட்டு. ஆர்டரைப் பங்கு பிரித்துக் கொடுப்பதுதான் விவரமான கொள்முதல். அதன்படி காலையில் மச்சினனின் மார்பு, மாலையில் இன்னொரு பயில்வானின் முதுகு, நடுவில் குருவின் சாப்பாடு என்று புதிய கலவைத் திட்டம் அமலுக்கு வந்தது. அது நான்கு நாள் நீடித்தது. பிறகு நாற்பது வயதுக்கு மேல் கம்பியே கூடாது, இரும்புக் குண்டுதான் சரி என்று ஒரு காணொளி சொன்னதால் இரும்புக் குண்டு வந்தது. அது வாசலில் உருண்டு மனைவியின் செருப்பை நசுக்கியதால் வீட்டுப் பரணுக்குப் போயிற்று. மறுபடியும் கம்பி. புதிய திட்டம் என்பதால் முதல் வாரம், முதல் நாள், வெறும் கம்பி.

மாஸ்டருக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது.

"சார், நீங்க வர ஆரம்பிச்சு ரெண்டு மாசம் தாண்டிடுச்சு. இன்னும் ஒரு தட்டுகூட மாட்டலை. அந்தக் கம்பிக்கே உங்களைப் பழகிப்போச்சு."

"அஸ்திவாரம் மாஸ்டர். அவசரப்படக் கூடாது."

"ஒரே எடத்துல எத்தனை அஸ்திவாரம் சார் தோண்டுவீங்க?"

மாஸ்டருக்கு உலக அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டு பர்ச்சேஸ்காரர் இடுப்புப் பட்டையை இறுக்கினார். இடுப்புப் பட்டை, மணிக்கட்டுப் பட்டை, தட்டையான அடி வைத்த தனி ஷூ, உள்ளங்கையில் தேய்க்க வெள்ளைப் பவுடர் எல்லாம் வாங்கியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் மூன்று கொட்டேஷன். அந்த ஜிம்மிலேயே தளவாடத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மூலையில் ஸ்டோர்ஸ்காரர் தூக்கிக்கொண்டிருந்தார். ஆபீஸ் பேண்ட்டோடு, வெறுங்காலோடு. வாரம் மூன்று நாள் வருவார், அந்த மூன்றையே செய்வார், சட்டைப்பையிலிருந்து கசங்கிப்போன அரைத் தாளை எடுத்துப் பார்த்து, பிஸ்கட் அளவுக்கு ஒரு தட்டைக் கூடுதலாக மாட்டுவார், போய்விடுவார். பார்க்கவே சலிப்பாக இருந்தது. இன்னும் அதே திட்டம்தானா என்று பர்ச்சேஸ்காரர் ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"வேற எதுவும் பையில அடங்க மாட்டேங்குது சார்" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

பர்ச்சேஸ்காரருக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம்கூட வந்தது. சூழ்ச்சிக்காரனாக இருந்தாலும் கற்பனை இல்லாத சூழ்ச்சிக்காரன்.

பரீட்சைக்கு முந்தின வாரம் பலகையில் இன்னொரு தாள். மூன்றாம் மாடிப் பொம்மை எண்பத்தேழு கிலோ.

இந்தத் தடவை பர்ச்சேஸ்காரர் கோபப்படவில்லை. அமைதியாகத் தன் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மஞ்சள் கோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தார். முன்பக்கத்து ஒட்டுப்பட்டைகள் இரண்டும் ஒன்றையொன்று எட்டவில்லை. நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மார்பு அந்த அளவுக்கு விரிந்திருந்தது. எண்பத்தேழு என்ன, நூறே வரட்டும் என்று அந்த நிமிஷம் அவர் மனதார நம்பினார். அந்த நம்பிக்கையில் மூன்று முட்டை கூடுதலாகவும் சாப்பிட்டார்.

பரீட்சையன்று தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் மூன்றாம் மாடி மொத்தமும் சுவரோடு சுவராக நின்றது. மேனேஜரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நடுவே பொம்மை மல்லாந்து கிடந்தது. நீல நிறக் கித்தான் உடம்பு, அதன்மேல் ஒரு பழைய சட்டை, முகம் கிடையாது. மணல் கூடியதில் வயிறு நன்றாகப் புடைத்திருந்தது. யாருக்காவது அடிபட்டால் பார்த்துக்கொள்ள நர்ஸ் சிஸ்டர் மருந்துப் பெட்டியோடு மாடிப்படி ஓரம் உட்கார்ந்திருந்தாள்.

முதலில் ஸ்டோர்ஸ்காரர். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். பொம்மையின் தலைமாட்டில் குந்தி, அக்குளில் கை கொடுத்து, முதுகை நேராக வைத்து எழுந்தார். பொம்மையும் எழுந்தது. பின்னால் நடந்தார். பொம்மையின் குதிகால்கள் தரையில் சரசரவென்று வந்தன. படியில் ஒவ்வொன்றாக நிதானமாக இறங்கினார். தலை எங்கேயும் இடித்துவிடாமல் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். திருப்பத்தில் மெதுவாகப் படுக்க வைத்துவிட்டு, அதன் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.  கைதட்டலில் மாடியே அதிர்ந்தது.

பொம்மையை மறுபடி மேலே கொண்டுவந்து போட நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

பர்ச்சேஸ்காரர் பவுடர் பூசினார். பட்டையை இறுக்கினார். கூடியிருந்தவர்களுக்கு, தூக்கும்போது மூச்சை எப்படி அடக்க வேண்டும், முழங்கால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைச் சுருக்கமாக எடுத்துச் சொன்னார். சொன்னது அத்தனையும் சரி. அதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. பிறகு குந்தி, கை கொடுத்து, "ம்" என்றார்.

பொம்மை வரவில்லை. அவர் வந்தார். முன்பக்கமாகச் சாய்ந்து அதன் நெற்றியில் நெற்றி வைத்தார். சமாளித்து, மறுபடி பிடித்து, இழுத்தார். இந்தத் தடவை அசைந்தது. முகம் பீட்ரூட்டாகச் சிவக்க, தாழ்வாரம் முழுக்க இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மஞ்சள் கோட்டின்மேல் அவருக்கு இருந்த ஆசை மட்டும்தான் அதை இழுத்தது. முதல் படி இறங்கினார். இரண்டாவது இறங்கினார். மூன்றாவதில் கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பொம்மை அவர் மடியில் வந்து சொகுசாகச் சாய்ந்துகொண்டது. தள்ளிவிடவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

ஸ்டோர்ஸ்காரர்தான் ஓடிவந்தார். பொம்மையை விலக்கிவிட்டு அவருக்குக் கை கொடுத்தார். பாதுகாப்பு அதிகாரி மஞ்சள் கோட்டை எடுத்து ஸ்டோர்ஸ்காரரிடம் நீட்டினாள். அதைப் பார்த்ததும் பர்ச்சேஸ்காரருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அவர் படியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பரீட்சை செல்லாது" என்றார், ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி ஆள்வரை கேட்கும்படி. "எழுபத்தெட்டுன்னு சொல்லித்தான் ஆரம்பிச்சீங்க. பாதியில ரெண்டு தடவை ஏத்தியிருக்கீங்க. நம்ம மாடிக்கு மட்டும். யார் சொல்லி ஏத்தினீங்க, எதுக்கு ஏத்தினீங்கன்னு இப்ப, இங்க, எல்லார் முன்னாடியும் எனக்குத் தெரிஞ்சாகணும்."

 ஸ்டோர்ஸ்காரர் கோட்டை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்தார்.

"விதிப்படி அதை வெளியில சொல்லக் கூடாது சார்" என்றாள் அவள், கிட்டத்தட்டக் கெஞ்சுகிற குரலில். "அந்த ஆளே சம்மதிச்சாத்தான் சொல்லலாம். தனியா வாங்க, ரூம்ல சொல்றேன்."

"ரூமுக்கெல்லாம் வர்றதுக்கில்ல. சம்மதமா இல்லையான்னு அந்த ஆளையே கேளுங்க. மடியில கனமில்லன்னா சரின்னு சொல்லட்டும்."

"இப்ப உங்களைக் கேட்டா நீங்க சம்மதிப்பீங்களா சார்?"

"தாராளமா. என்கிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல. சொல்லுங்க."

பாதுகாப்பு அதிகாரி மாடிப்படி ஓரம் திரும்பி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் மருந்துப் பெட்டியை மூடிவிட்டு எழுந்து, வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிற அதே கவலைக் குரலில் சொன்னாள்:

"ஒவ்வொரு மாடியிலயும் யார் எடை ரொம்ப அதிகமோ, அவரோட எடையைத்தான் சார் அந்த மாடிப் பொம்மைக்கு வைப்பாங்க, ஸ்டோர்ஸ் சார் இப்ப பத்திரமா எறக்கிட்டுப் போனது உங்களைத்தான்."